முகம் பார்க்கும் பையன்

அன்புள்ள ஐயா,

அக்கா இறந்தபின் அவள் மகனை நாங்கள்தான் வளர்க்கிறோம். எட்டு வயது. அக்கா வீட்டுக்காரர் குடித்துவிட்டு அவனை பெல்ட்டால் அடிப்பாராம். எங்கள் வீட்டில் யாரும் கை ஓங்குவதில்லை. ஆனாலும் தோசைக் கரண்டியை எடுத்தாலே தலையைக் கையால் மூடிக்கொள்கிறான். பள்ளியில் நேர் எதிர். போன வாரம் ஒரு பையனை அடித்துவிட்டான். கேட்டால் "அவன்தான் முறைச்சான்" என்கிறான். 'அப்பன் புத்தி' என்கிறார் டீச்சர். ஆறு மாதம் ஆகியும் ஏன் மாறவில்லை?

ஒரு வாசகி, கும்பகோணம்

அன்புள்ள சகோதரிக்கு,

டீச்சர் சொன்னதைத் தள்ளி வையுங்கள். அப்பனிடமிருந்து தப்பிக்கப் பையன் கற்றுக்கொண்ட வித்தை அது.

அமெரிக்க உளவியலாளர் சேத் பொல்லாக், மங்கலாகத் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிவாகும் முகப் படங்களைக் குழந்தைகளுக்குக் காட்டினார். வீட்டில் அடிவாங்கிய பிள்ளைகள், படம் மங்கலாக இருக்கும்போதே, மற்றவர்களுக்கு முன்பாகக் கோப முகத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். 2002-இல் வந்த ஆய்வு. அதே ஆண்டு வந்த இன்னொன்றில், பயமும் கோபமும் கலந்த முகத்தையும் கோபம் என்றே எடுத்துக்கொண்டார்கள். உங்கள் பையன் சொன்ன 'முறைச்சான்' இதுதான்.

எனக்கு ஆச்சரியமில்லை. அப்பா சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடும் சத்தத்திலேயே அன்றைக்கு அடி உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும். ஒரே உதையில் 'டக்' என்று நின்றால் சோறு நிம்மதியாக இறங்கும். இரண்டு மூன்று தடவை உரசினால் புத்தகத்தோடு கொல்லைப்பக்கம் போய்விடுவேன். இந்த வயதிலும் தெருவில் யாராவது ஸ்டாண்டு போடத் தடுமாறினால் வயிறு இறுகுகிறது. ஆறு மாதமெல்லாம் எந்த மூலைக்கு?

அன்பு காட்டுவது சரி. அதைவிட, அடுத்து என்ன நடக்கும் என்று அவனுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். "தோசை திருப்பப் போறேன்டா" என்று சொல்லிவிட்டுக் கரண்டியை எடுங்கள், அசட்டுத்தனமாகத் தோன்றினாலும். பள்ளியில் அடித்தது தப்பு என்று சொல்லுங்கள், கூடவே "வேற எதுக்காக உன்னைப் பார்த்திருப்பான்?" என்று கேட்டுப் பாருங்கள். முதலில் பதில் வராது. தூக்கம் கெட்டால் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.

அப்புறம், அந்த டீச்சரை நேரில் பார்த்து நடந்ததைச் சொல்லிவிடுங்கள். பிரம்பெடுத்துத் திருத்துகிறேன் என்று கிளம்பினால், கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17 அதைத் தடை செய்கிறது என்பதையும் சொல்லலாம். முதல் சந்திப்பிலேயே வேண்டாம்.