அப்டேட்டுக்குப் பின் மறையும் வைஃபை

கேள்வி: லினக்ஸ் கணினியில் யூ.எஸ்.பி. வைஃபை அடாப்டர் பயன்படுத்துகிறேன். கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) அப்டேட் ஆகும்போதெல்லாம் வைஃபை அடியோடு மறைந்துவிடுகிறது; டிரைவரை (அடாப்டரை இயக்கும் மென்பொருளை) மீண்டும் நிறுவினாலும் இணைப்பு அடிக்கடி அறுந்துபோகிறது. அடாப்டர் பழுதா?

பதில்: பெரும்பாலும் இல்லை. உங்களுடையவை இரண்டு தனித்தனிச் சிக்கல்கள். கெர்னலுக்கு வெளியே, மூலநிரலிலிருந்து கம்பைல் செய்து நிறுவிய டிரைவர் அந்த ஒரு கெர்னல் பதிப்புக்கு மட்டுமே பொருந்தும் என்பதால், புதிய கெர்னல் வந்ததும் அது பயனற்றுப் போகிறது. டி.கே.எம்.எஸ். (DKMS) என்ற கருவி வழியாக நிறுவினால் ஒவ்வொரு கெர்னல் அப்டேட்டின்போதும் டிரைவர் தானாகவே மறுபடி கம்பைல் ஆகும். கம்பைல் செய்யத் தேவையான கெர்னல் ஹெடர் கோப்புகளும் உடன் இருக்க வேண்டும். செக்யூர் பூட் (நம்பகமான கையொப்பமுள்ள மென்பொருளை மட்டும் அனுமதிக்கும் பாதுகாப்பு வசதி) இயங்கினால், கையொப்பமிடாத டிரைவரைக் கெர்னல் ஏற்காமல் போகலாம்.

இதைவிட நல்ல வழி, கெர்னலுக்குள்ளேயே டிரைவர் உள்ளதா என்று பார்ப்பது. பெட்டியில் அச்சிட்ட மாடல் பெயரை நம்பாதீர்கள். அதே பெயரில் வேறு சிப்பை வைத்து விற்பது இத்துறையில் சகஜம். யூ.எஸ்.பி. சாதனங்களைப் பட்டியலிடும் எல்.எஸ்.யூ.எஸ்.பி. (lsusb) கட்டளை காட்டும், நடுவே முக்காற்புள்ளியுள்ள எட்டு இலக்க அடையாள எண்தான் சிப்பைக் கண்டறிய உதவும். ரியல்டெக்கின் 8822பி.யூ., 8821சி.யூ. போன்ற சிப்புகளுக்கு 6.2 பதிப்பிலிருந்து கெர்னலிலேயே டிரைவர் உள்ளது. அதற்கு மாறினால் பழைய டிரைவரை நீக்கிவிடுங்கள்; இரண்டும் மோதிக்கொள்ளும்.

இணைப்பு அறுவதற்கு மின்சேமிப்பு வசதி காரணமாக இருக்கலாம். இணைப்புகளை நிர்வகிக்கும் நெட்வொர்க் மேனேஜர் மென்பொருளின் அமைப்பில் வைஃபை பவர்சேவ் மதிப்பை 2 என மாற்றினால் அது அணைந்துவிடும். அப்போதும் அறுந்தால், அடாப்டரை யூ.எஸ்.பி. 3 போர்ட்டிலிருந்து எடுத்து, சிறிய நீட்டிப்புக் கேபிளில் செருகிப் பாருங்கள். அந்தப் போர்ட்டின் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் குலைக்கும்.