பட்டைத் தண்ணீரும் கல்லீரல் பயமும்

பட்டையிலும் சென்ட்டிலும் இருக்கும் கூமரின் என்ற பொருளால் கல்லீரல் கெட்டுப்போயிருக்குமோ என்பதுதானே அம்மா உங்கள் பயம்? பிரியாணியில் விழும் பட்டையாலும், புடவையில் அடிக்கும் சென்ட்டாலும் அப்படி ஆகாது. அந்த இரண்டையும் மறந்துவிடுங்கள். சர்க்கரை குறையும் என்று எட்டு மாதமாகத் தினமும் ஒரு ஸ்பூன் பட்டைத் தூளை வெந்நீரில் கலக்கிக் குடிப்பதாக எழுதியிருக்கிறீர்களே, பேச வேண்டியது அதைத்தான்.

போனில் நீங்கள் படித்த கூமரின், காய்ந்த புல் வாசனை தரும் பொருள். 1880களிலிருந்தே வாசனைத் திரவியங்களில் சேர்க்கிறார்கள். உணவில் தனியாகச் சேர்ப்பதை அமெரிக்கா 1954-ல் தடை செய்தது. பட்டையில் அது இயற்கையாகவே இருக்கிறது. மளிகைக் கடையில் மலிவாகக் கிடைக்கும் தடித்த பட்டை காசியா வகை, அதில் அதிகம். இலங்கைக் கறுவா சுருட்டுபோல மெல்லிய அடுக்குகளாக இருக்கும், விரலாலேயே நொறுக்கலாம். அதில் மிகச் சொற்பம். 60 கிலோ எடையுள்ளவருக்குத் தினசரி 6 மில்லிகிராம் கூமரின் வரை பரவாயில்லை என்பது ஐரோப்பியக் கணக்கு. சுமார் 2 கிராம் காசியாத் தூளிலேயே அது வந்துவிடும். உங்கள் ஸ்பூன் அதைத் தாண்டியிருக்கும்.

தாண்டிய எல்லோருக்கும் கல்லீரல் கெடுவதில்லை. சிலருக்குத்தான் பாதிக்கும், நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அந்தச் சிலர் யார் என்று முன்கூட்டித் தெரியாது. அதனால் இன்றே நிறுத்துங்கள்.

கூமரினால் ரத்தம் நீர்த்துப்போகும் என்று சொல்வது வெறும் குழப்பம். அந்த வேலையைச் செய்வது இதன் உறவுக்காரனான வார்ஃபரின் மாத்திரை.

கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: மஞ்சள் காமாலை. பகல் வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று, கீழ் இமையை இழுத்து, வெள்ளை விழியைப் பாருங்கள். டியூப்லைட்டில் பார்த்துப் பயப்பட வேண்டாம். சிறுநீர் பால் விடாத டீ நிறத்தில் போகிறதா என்றும் பாருங்கள். பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்டால் வரும் பளிச் மஞ்சள் வேறு, அது ஒன்றும் செய்யாது. கண்ணோ சிறுநீரோ மாறினால் அன்றே மருத்துவரிடம் போங்கள். கீழாநெல்லி அரைத்துக் குடித்துக்கொண்டு வீட்டில் உட்காராதீர்கள். பித்தப்பைக் கல்லாகவும் இருக்கலாம், வைரஸாகவும் இருக்கலாம்.

அப்புறம், பட்டையை நம்பி, சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரையை நீங்களே பாதியாகக் குறைத்ததாகக் கடிதத்தின் கடைசி வரியில் போகிறபோக்கில் சொல்கிறீர்கள். எனக்குக் கூமரினைவிட அதுதான் கவலை. மாத்திரை தந்த மருத்துவரிடம் இந்த வாரமே மறைக்காமல் சொல்லுங்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையும் கல்லீரல் சோதனையும் சேர்த்தே எடுக்கலாம். வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை.