செபராங் செலாத்தான்: 1974இல் மறைந்த தொகுதி பற்றிக் கேள்வி பதில்

பினாங்கின் பெருநிலப் பகுதியில், தெற்கு ஓரமாக, 1959 முதல் 1974 வரை செபராங் செலாத்தான் என்றொரு நாடாளுமன்றத் தொகுதி இருந்தது. நிபோங் திபால், சுங்கை பாக்காப் பக்கத்துத் தோட்டங்கள், வயல்கள், மீனவக் கம்பங்கள் எல்லாம் சேர்ந்த நாட்டுப்புறத் தொகுதி. அதைப் பற்றி நம் குழுவில் இரண்டு வரி எழுதினேன், கேள்விகள் குவிந்துவிட்டன. முடிந்தவரை பதில் சொல்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள்: எதைக் கேட்டாலும் எந்த ஆண்டு என்று சேர்த்துக் கேளுங்கள். ஆண்டைச் சொல்லாமல் தொகுதியைப் பற்றிப் பேசினால் குழப்பம்தான் மிஞ்சும்.

பட்டர்வொர்த் வாசகி: இந்தத் தொகுதி எப்படி உருவானது, எப்படிக் காணாமல் போனது? முதலிலிருந்து சொல்லுங்களேன்.

1955 ஜூலை 27இல் மலாயாவின் முதல் பொதுத் தேர்தல் நடந்தது. நாடு முழுவதற்கும் 52 தொகுதிகள். பினாங்குக்கு நான்கு: ஜார்ஜ் டவுன், பினாங்குத் தீவு, வெல்லஸ்லி வடக்கு, வெல்லஸ்லி தெற்கு. 52இல் 51ஐ மலாய், சீன, இந்தியக் கட்சிகள் மூன்றும் சேர்ந்த கூட்டணி வென்றது. தோற்ற ஒரே இடம் கிரியான். பேராக் எல்லையைத் தாண்டினால் வருகிற, நமக்கு அடுத்த வீடு போன்ற தொகுதி. அங்கே வென்றது பாஸ் என்ற இஸ்லாமியக் கட்சி.

சுதந்திரத்துக்குப் பிறகு ஒவ்வொரு தொகுதியையும் இரண்டாக வெட்டி 104 ஆக்கினார்கள். அப்படித்தான் வெல்லஸ்லி தெற்கும் பிரிந்தது. தென்பகுதிக்குச் செபராங் செலாத்தான் என்று பெயர் வந்தது. பினாங்கின் எட்டு நாடாளுமன்ற இடங்களில் அது ஒன்று.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். 1960இல் தேர்தல் ஆணையம் தொகுதிகளை மறுபடி வரைந்தது. 104ஐ 100 ஆகக் குறைத்து, வாக்காளர் எண்ணிக்கையைத் தொகுதிக்குத் தொகுதி ஓரளவு சமமாக்கும் திட்டம் அது. சுதந்திர அரசியலமைப்பு அனுமதித்த வேறுபாடு சராசரிக்கு மேலோ கீழோ 15 சதவீதம்தான். அந்தத் திட்டம் நடைமுறைக்கு வரவே இல்லை. 1962இல் அரசியலமைப்பைத் திருத்தி, பழைய 104 தொகுதிகளையே திரும்பக் கொண்டுவந்தார்கள். எல்லைகளை இறுதியாக முடிவுசெய்யும் அதிகாரம் ஆணையத்திடமிருந்து நாடாளுமன்றத்துக்குப் போனது. நாட்டுப்புறத் தொகுதியில் நகரத் தொகுதியின் பாதி வாக்காளர்கள் இருந்தாலே போதும் என்ற விதியும் அப்போதுதான் வந்தது. 1973இல் அந்தப் பாதி என்ற வரம்பும் எடுக்கப்பட்டது.

1959, 1964, 1969 என்று மூன்று தேர்தல்களிலும் செபராங் செலாத்தான் எல்லை மாறாமல் நின்றதற்கு இதுதான் காரணம். 1974 மறுசீரமைப்பில் தீபகற்பத்தின் இடங்கள் 114 ஆயின, இந்தப் பெயர் போய் நிபோங் திபால் வந்தது.

தோட்டத்துப் பையன்: அது தமிழர் தொகுதியாமே? நம்மிடமிருந்து பறித்துவிட்டார்கள் என்று அப்பா சொல்வார்.

இல்லை தம்பி. தீபகற்பத்தில் இந்திய வாக்காளர்கள் பெரும்பான்மையாக இருந்த நாடாளுமன்றத் தொகுதி ஒன்றுகூட எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. செபராங் செலாத்தானில் தமிழர்கள் கணிசமாக இருந்தார்கள். மலாய் விவசாயிகளும் மீனவர்களும் இருந்தார்கள். சீனக் கடைக்காரர்களும் சிறு தோட்டக்காரர்களும் புதுக்கிராமத்து மக்களும் இருந்தார்கள். இவர்களில் எவரும் தனியாக ஒருவரை ஜெயிக்க வைக்க முடியாது. நம் ஆட்கள் அங்கே எண்ணிக்கைக்கு மீறிய செல்வாக்கோடு இருந்தார்கள் என்றால், மற்றவர்களோடு சேர்ந்து நின்றதால்தான். அப்பாவிடம் இதை மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள். அவர் நினைவில் வைத்திருக்கும் பெருமை பொய்யில்லை, அதற்குச் சொல்கிற காரணம்தான் தவறு.

ஜூரு வாசகர்: அந்த இடம் இப்போது எந்தத் தொகுதியில் வருகிறது?

பெரும்பகுதி நிபோங் திபால். ஜாவி, சுங்கை பாக்காப், சுங்கை ஆச்சே ஆகிய சட்டமன்றத் தொகுதிகள் அதில் அடங்கும். 2004 தேர்தலுக்கு முந்தைய மறுசீரமைப்பில் பத்து காவான் தனி நாடாளுமன்றத் தொகுதியானது. பிறை, புக்கிட் தெங்ஙா, புக்கிட் தம்புன் அதில் வருகின்றன. ஆனால் பழைய எல்லைக்கோட்டைப் புதிய வரைபடத்தில் அப்படியே வைத்துப் பார்க்காதீர்கள், பொருந்தாது.

சிம்பாங் அம்பாட்டிலிருந்து ஒரு ஆசிரியை: 1955இல் எங்கள் பாட்டி ஓட்டுப் போட்டாராம். தோட்டத்தில் பால் வெட்டியவர்களுக்கு அப்போது ஓட்டு இருந்ததா?

நல்ல கேள்வி, டீச்சர். இதை யாரும் கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன்.

1955 வாக்காளர் பட்டியலில் மலாய்க்காரர்கள் சுமார் 84 சதவீதம், சீனர்கள் 11 சதவீதம். இந்தியர்களையும் மற்றவர்களையும் சேர்த்தாலே ஐந்து சதவீதத்தைத் தொடவில்லை. மக்கள்தொகையில் நம் பங்கு அதைவிட இரண்டு மடங்குக்கு மேல். காரணம் குடியுரிமை. பேராக்கிலோ சிலாங்கூரிலோ ஒரு தோட்டத்தில் பிறந்த தமிழர் சுல்தானின் குடிமகனாகத் தானாகக் கருதப்படவில்லை. பினாங்கு நிலைமை வேறு. பினாங்கும் மலாக்காவும் பிரிட்டிஷ் குடியேற்றப் பகுதிகள். இங்கே பிறந்தவர் பிரிட்டிஷ் பிரஜை. 1948 கூட்டரசு ஒப்பந்தம் அப்படிப்பட்டவர்களுக்கு, வசிப்பிட நிபந்தனையோடு, குடியுரிமைக்கு வழி வைத்தது.

அதோடு நம் பக்கத்துத் தோட்டங்களின் வயதையும் பாருங்கள். கெலடோனியா, பத்து காவான் பகுதிகளில் ரப்பருக்கு முன்னால் கரும்பு. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்தே தமிழ்க் கூலிகளை ஒப்பந்தத்தில் கொண்டுவந்தார்கள். அந்த ஒப்பந்த முறை 1910இல் முடிந்தது, கங்காணி முறை தொடர்ந்தது. ஆகவே 1955க்குள் இரண்டு மூன்று தலைமுறை இங்கேயே பிறந்துவிட்ட குடும்பங்கள் இருந்தன. உங்கள் பாட்டி அப்படி ஒரு குடும்பம் என்றால், 1955இல் ஓட்டுப் போட்டது முழுக்க நம்பக்கூடியது. அதே வயதுடைய ஒரு பாட்டி பேராக்கின் சுங்கை சிப்புட்டில் இருந்திருந்தால் வாய்ப்பு குறைவு.

1957க்குப் பிறகு கதவு அகலமானது. இங்கே பிறந்தவர்கள் ஓராண்டுக்குள் மனுச் செய்தால் மலாய்மொழித் தேர்வுகூட இல்லை. கிராணி (தோட்டத்துக் கணக்கர்) வீட்டு வாசலிலும் கோயில் திடலிலும் உட்கார்ந்து மனு எழுதிக்கொடுத்த அந்த மனிதர்களை யாரும் நினைப்பதில்லை. எனக்கு அவர்கள் மேல் அளவற்ற மரியாதை உண்டு. மனுச் செய்யாமல் விட்டவர்கள் குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு ஐசியோடு (அடையாள அட்டை) நின்றார்கள். 1969 கலவரத்துக்குப் பிறகு வேலைப் பெர்மிட் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, நாடு முழுவதிலும் சுமார் 60,000 பேர் இந்தியாவுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று.

நிபோங் திபால்க்காரர்: கெலடோனியா 99 கதவு மாளிகையில் பேய் இருப்பது உண்மையா?

அந்த மாளிகையில் வாழ்ந்த தோட்ட முதலாளி ராம்ஸ்டன் 1948இல் சுட்டுக் கொல்லப்பட்டார். பேய் என் பாடமில்லை.

சுங்கை பாக்காப் பெரியவர்: நான் அந்தக் காலத்து ஆள். தோட்டத்து ஜனம் மொத்தமும் தண்டல் (வேலையை மேற்பார்க்கிறவர்) சொன்ன கட்சிக்குத்தான் போட்டது. ம.இ.கா (கூட்டணியின் இந்தியர் கட்சி), கூட்டணி. அதைத் தாண்டி ஒரு ஓட்டு விழாது.

ஐயா, உங்கள் வயதுக்கு மரியாதை உண்டு. ஆனால் 1959 முடிவைப் பாருங்கள். ஆகஸ்ட் 19இல் நடந்த அந்தத் தேர்தலில் செபராங் செலாத்தானை வென்றவர் சோஷலிஸ்ட் முன்னணியின் வி. வீரப்பன். நாடு முழுவதிலும் சோஷலிஸ்ட் முன்னணிக்குக் கிடைத்தவை எட்டே இடங்கள். அவற்றில் மூன்று பினாங்கில்: தஞ்சோங், டத்தோ கிராமாட், அப்புறம் இது. முதல் இரண்டும் நகரம். நாட்டுப்புறத்தில், தோட்டங்களுக்கு நடுவே, ஒரு எதிர்க்கட்சித் தமிழர் கூட்டணியைத் தோற்கடித்தார்.

பிறை வாசி: பெரியவர் சொல்வது தவறு என்று நானும் சொல்கிறேன். ஆனால் வீரப்பனை ஜெயிக்க வைத்தது சீன ஓட்டு. தொழிலாளர் கட்சி பினாங்கில் யாருடைய கட்சி என்று எல்லாருக்கும் தெரியும்.

சுங்கை பாக்காப் பெரியவர்: அதைத்தானே நானும் சொல்கிறேன்! தமிழன் கூட்டணிக்குப் போட்டான், சீனன் சோஷலிஸ்ட்டுக்குப் போட்டான்.

இருவருக்கும் சேர்த்தே சொல்கிறேன். ஓட்டுச்சீட்டில் இனம் எழுதியிருப்பதில்லை. யார் யாருக்குப் போட்டார் என்று இனவாரியாகப் பிரித்து, 'தெரியும்' என்று யார் சொன்னாலும் அது ஊகம். நாம் செய்யக்கூடியது சூழலைப் படிப்பது.

சோஷலிஸ்ட் முன்னணி 1957இல் மலாயாத் தொழிலாளர் கட்சியும் மக்கள் கட்சியும் சேர்ந்து அமைத்தது. தொழிலாளர் கட்சிக்குச் சீனத் தொழிலாளர் ஆதரவு வலுவாக இருந்தது, உண்மை. ஆனால் அதே 1959இல் பங்சாரில் வி. டேவிட், டாமான்சாராவில் கரம் சிங். இருவரும் இந்தியர்கள், இருவரும் தொழிலாளர் பிரச்சினையைத் தூக்கிக்கொண்டு நின்றவர்கள், இருவரும் சோஷலிஸ்ட் முன்னணி. அந்தக் காலம் எப்படிப்பட்டது? எஸ்டேட்டுகளை வெள்ளைக்காரக் கம்பெனிகள் விற்க, வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். லயத்து வீடும் வேலையும் ஒரே நாளில் போயின. ம.இ.கா தலைவர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தது இதற்குப் பதிலாகத்தான். பத்து வெள்ளி, பத்து வெள்ளியாகத் தோட்டத்து மக்களிடமே சேர்த்து, அவர்களுக்கே தோட்டம் வாங்கும் திட்டம். இப்படி வயிறு எரிந்துகொண்டிருந்த நேரத்தில் தோட்டத்து ஜனம் தண்டல் சொன்னதை மட்டுமே கேட்டது என்றால் நான் நம்பத் தயாரில்லை.

பிறை வாசி: அப்படியானால் 1964இல் ஏன் தோற்றார்கள்? ஏழைக்கு 1964இல் வயிறு நிறைந்துவிட்டதா?

இதுவும் சரியான கேள்விதான். 1964 ஏப்ரல் என்றால் இந்தோனேசியாவுடன் மோதல் உச்சத்தில் இருந்த நேரம். சோஷலிஸ்ட் முன்னணி மலேசியா உருவானதை எதிர்த்ததால், அது எதிரிக்குத் துணை போகிறது என்ற பிரசாரம் பலமாக எடுபட்டது. தலைவர்கள் பலர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ளே போனார்கள். எட்டு இடம் இரண்டானது: டத்தோ கிராமாட்டும் சிலாங்கூரின் பத்துவும். செபராங் செலாத்தான் கூட்டணி கைக்குப் போனது.

ஆனால் 1969ஐ மறந்துவிடாதீர்கள். தொழிலாளர் கட்சி அந்தத் தேர்தலைப் புறக்கணித்தது. ஏற்கெனவே அதிலிருந்து வெளியேறிய பலர் 1968இல் பிறந்த கெராக்கான் கட்சியில் இருந்தார்கள். கெராக்கான் பினாங்குச் சட்டமன்றத்தின் 24 இடங்களில் 16ஐப் பிடித்தது, லிம் சோங் யூ முதலமைச்சர் ஆனார். அதே அலையில் வீரப்பன் கெராக்கான் சின்னத்தில் செபராங் செலாத்தானுக்குத் திரும்பினார். கட்சி மாறியது, ஆள் மாறவில்லை. ஒரு தோல்விக்குப் பிறகு அதே மனிதரை அதே மக்கள் மறுபடி அனுப்பினார்கள் என்றால், அவர்கள் சுயமாக யோசித்து ஓட்டுப் போட்டவர்கள். என் வாதம் இவ்வளவுதான்.

சுங்கை பாக்காப் பெரியவர்: எங்கள் தோட்டத்தில் நடந்ததைத்தான் சொன்னேன்.

அதை முழுமையாக ஏற்கிறேன் ஐயா. உங்கள் தோட்டத்தில் என்ன நடந்தது, எந்தத் தோட்டம், எந்தத் தேர்தல் என்று எழுதி வையுங்கள், அல்லது பேரப்பிள்ளையை விட்டுப் பதிவு செய்யச் சொல்லுங்கள். அது ஒரு தோட்டத்தின் சாட்சி, விலை மதிப்பில்லாதது. அதை வைத்து ஒரு தொகுதி முழுவதற்கும் தீர்ப்பு எழுத வேண்டாம் என்பதுதான் நான் கேட்பது.

கூலிம் வாசகர்: செபராங் செலாத்தான் இன்றைக்கு எந்தத் தொகுதி?

மேலே ஜூரு வாசகருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

பாயான் லெப்பாஸ் வாசகர்: நாட்டுப்புறத் தொகுதிக்கு அதிக மதிப்பு என்றால் தோட்டத் தமிழருக்கும் அது லாபம்தானே?

காகிதத்தில் லாபம்தான். ஆயிரம் பேர் சேர்ந்தால் நகரத்தில் ஒன்றும் ஆகாது, நாட்டுப்புறத்தில் முடிவையே மாற்றலாம். ஆனால் அந்த மதிப்பு இடத்தோடு ஒட்டியது, ஆளோடு கூட வராது. தோட்டம் துண்டாடப்பட்டு, பின்பு தொழிற்பேட்டைக்கும் வீடமைப்புக்கும் போனபோது, நம் ஆட்கள் பிறைக்கும் பட்டர்வொர்த்துக்கும் நகர்ந்தார்கள். அங்கே தொகுதி பெரியது, ஒரு ஓட்டின் எடை குறைவு. தோட்டத்தைவிட்டு வெளியேறியபோது நாம் இழந்த கணக்கில் வீட்டையும் கோயிலையும் பள்ளிக்கூடத்தையும் சேர்க்கிறோம், இதைச் சேர்ப்பதே இல்லை.

தோட்டத்துப் பையன்: செபராங் பிறை செலாத்தானும் இதுவும் ஒன்றுதானே?

இல்லை. அது மாவட்டம், இன்றும் இருக்கிறது. இது நாடாளுமன்றத் தொகுதி, 1974இல் போய்விட்டது. மாவட்டம், நாடாளுமன்றத் தொகுதி, சட்டமன்றத் தொகுதி மூன்றும் வேறு வேறு. இதைத் தயவுசெய்து எல்லாரும் ஒரு தாளில் எழுதி ஒட்டி வையுங்கள். நமக்குள் நடக்கும் பாதிச் சண்டை இந்தக் குழப்பத்தில்தான் ஆரம்பிக்கிறது.

பெயர் சொல்லாத ஒருவர்: 2024 சுங்கை பாக்காப் இடைத்தேர்தல் முடிவு பற்றி உங்கள் கருத்து?

இந்தக் கேள்வி பதில் 1974இல் முடிகிறது.

ஆயர் ஈத்தாம் வாசகி: இது தமிழர் தொகுதி என்று...

தோட்டத்துப் பையனுக்குச் சொன்ன பதில்தான் அம்மா.

பட்டர்வொர்த் வாசகி: என் தாத்தா இந்தத் தொகுதியில் வேலை செய்தவர். மேலும் தேட எங்கே போக வேண்டும்?

மூன்று இடம். முதலாவது, நாடாளுமன்ற விவாதக் குறிப்புகள். 1959 முதல் நாடாளுமன்றத்தின் இணையதளத்திலேயே கிடைக்கின்றன. வீரப்பன் பேசியதை அவர் வார்த்தைகளிலேயே படிக்கலாம். பெயருக்குப் பக்கத்தில் தொகுதியின் பெயர் அச்சாகியிருக்கும். இரண்டாவது, பழைய நாளிதழ்கள். தமிழ் முரசும் ஆங்கில ஏடுகளும் சிங்கப்பூர்த் தேசிய நூலகத்தின் மின்தளத்தில் உள்ளன. ஊர்ப் பெயரைப் பல விதமாக எழுத்துக்கூட்டித் தேடுங்கள், ஒரே எழுத்துக்கூட்டில் நின்றால் பாதி கிடைக்காது. மூன்றாவது, கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகம். போவதற்கு முன் தாத்தாவின் தோட்டப் பெயர், பிரிவு, அடையாள அட்டையின் பழைய எண், வேலை செய்த ஆண்டுகள் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு போங்கள். தோட்டங்கள் கைமாறும்போது பெயரும் மாறியிருக்கும், ஆகவே முதலாளிக் கம்பெனியின் பெயரும் தெரிந்தால் இன்னும் நல்லது.