பல் விழும் கனவுக்கு யோசேப்பு முறையில் பலன் பார்க்கலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 65. கொஞ்ச நாளாகப் பல்லெல்லாம் கொட்டிப்போவதுபோல் அடிக்கடி கனவு காண்கிறார். வீட்டில் கிடந்த கனவுப் பலன் புத்தகத்தில், பல் விழுந்தால் உறவில் சாவு என்று போட்டிருக்கிறது. அதைப் படித்ததிலிருந்து ராத்திரி தூங்கவே பயப்படுகிறார். தெரிந்த ஊழியக்காரர் ஒருவர், யோசேப்பும் தானியேலும் செய்த முறைப்படி விளக்கம் சொல்வதாகச் சொல்லிக் காணிக்கை கேட்கிறார். வேதத்தில் அப்படி ஒரு முறை இருக்கிறதா? அம்மாவுக்கு நான் என்ன சொல்ல?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: அம்மாவுக்குச் சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். பல் விழும் கனவுக்கு வேதாகமத்தில் எந்த இடத்திலும் பலன் சொல்லப்படவில்லை. இன்னதைக் கண்டால் இன்னது நடக்கும் என்ற பட்டியலே அதில் கிடையாது. அந்தக் காணிக்கையைக் கொடுக்காதீர்கள்.

உங்கள் வீட்டுப் புத்தகத்தில் இருக்கும் பலன் மிகப் பழையது. எகிப்தில் அரசர்களின் கல்லறைகளைக் குடைந்த தொழிலாளர்கள் குடியிருந்த ஊர் தேர் எல் மெதினா. இரண்டாம் ராமசேஸ் காலத்தில், அதாவது சுமார் 3,200 ஆண்டுகளுக்கு முன், அங்கே கென்ஹிர்கோப்ஷெஃப் என்று ஓர் எழுத்தர் இருந்தார். அவர் வைத்திருந்த பாப்பிரஸ் (நாணல் தாள்) சுருள் இன்று லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. ஒவ்வொரு வரியிலும் ஒரு கனவு, அது நல்லதா கெட்டதா, அப்புறம் பலன். 'கெட்டது' என்ற சொல்லை மட்டும் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்கள். ஆழக் கிணற்றை எட்டிப் பார்ப்பது கெட்டது, சிறைவாசம். பெரிய பூனையைக் காண்பது நல்லது, பெரிய அறுவடை. பல் விழுவது கெட்டது, தன்னை அண்டியிருப்பவர்களில் ஒருவர் சாவார்.

அம்மாவின் புத்தகத்தில் இருப்பதும் கிட்டத்தட்ட இதேதான். ஆனால் பட்டியல் பழையது என்பதால் அது உண்மையாகிவிடாது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆர்த்தெமிதோரஸ் என்ற கிரேக்கர் கனவுகளைப் பற்றி ஐந்து பாகங்களில் நூல் எழுதியவர். வாய் ஒரு வீடு, பற்கள் அதில் வாழ்பவர்கள், வலப்பக்கப் பல் ஆண்கள், இடப்பக்கப் பல் பெண்கள் என்று அவரும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார். அதே மனிதர்தான் கடன்பட்டவனுக்குப் பல் விழுந்தால் கடன் அடையும் என்கிறார். அடிமைக்குப் பல் மொத்தமும் போனால் அவனுக்கு விடுதலையாம்! கனவு கண்டவர் யார், என்ன தொழில், என்ன வயது, எந்த ஊர் வழக்கம் என்று விசாரிக்காமல் பலன் சொல்லவே கூடாது என்பது அவருடைய விதி. பசித்தவன் சாப்பிடுவதாகவும் பயந்தவன் தான் பயப்படுவதையே காண்பதாகவும் வரும் கனவுகள் உடம்பாலும் மனதாலும் வருபவை, எதிர்காலத்தைக் காட்டாது என்று தனியே ஒதுக்கியும் வைக்கிறார். கனவுப் பலனையே தொழிலாகக் கொண்டவர் இவ்வளவு கவனமாக இருந்திருக்கிறார். அம்மாவின் புத்தகம் எதையும் விசாரிக்கவில்லை.

இனி யோசேப்பு. ஆதியாகமம் 40ஆம் அதிகாரத்தை அம்மாவோடு உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள். யோசேப்போடு சிறையில் இருந்த, பார்வோனின் (எகிப்து ராஜாவின்) வேலைக்காரர் இருவர் கண்ட கனவுகள் அதில் வருகின்றன. அந்த இரண்டு கனவுகளுக்கும் உள்ள வித்தியாசம் அதில்தான் தெரியும். ராஜாவுக்குத் திராட்சரசம் ஊற்றிக்கொடுக்கும் பானபாத்திரக்காரன் மூன்று கொடிகளுள்ள திராட்சைச் செடியைக் காண்கிறான். துளிர்த்து, பூத்து, பழுக்கிறது. பழத்தைத் தானே பிழிந்து பாத்திரத்தைப் பார்வோன் கையில் கொடுக்கிறான். பலகாரம் சுடும் சுயம்பாகியின் தலையில் மூன்று கூடைகள். மேல்கூடையில் பார்வோனுக்கான பலகாரங்கள், அவற்றைப் பறவைகள் தின்கின்றன. முதல் கனவில் வேலை முடிந்து ராஜாவின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டாவதில் போய்ச் சேரவே இல்லை. மூன்று நாளில் ஒருவனுக்குப் பழைய வேலை திரும்பக் கிடைத்தது, மற்றவனுக்கு மரணம். கொடிக்கு இது பலன், கூடைக்கு இது பலன் என்று அகராதி எதையும் யோசேப்பு புரட்டவில்லை. அதைவிட முக்கியம், கனவின் விளக்கம் தேவனுக்குரியது என்று சொல்லிவிட்டுத்தான் அவர் வாயைத் திறக்கிறார். அடுத்த அதிகாரத்தில் பார்வோன் முன் நிற்கும்போதும், இது என்னால் ஆகாது, தேவன்தான் சொல்ல வேண்டும் என்கிறார்.

கூலி? சிறையில் யோசேப்பு கேட்டது ஒன்றுதான்: நீ நல்லபடி ஆனதும் என்னை நினைத்துக்கொள், பார்வோனிடம் என்னைப் பற்றிச் சொல். தானியேலும் அப்படியே. பாபிலோன் ராஜா பெல்ஷாத்சாரின் அரண்மனைச் சுவரில் எழுதப்பட்டதை வாசிக்க அழைத்தபோது, உம்முடைய வெகுமதிகளை நீரே வைத்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டுத்தான் வாசித்தார். இவர்கள் பேரைச் சொல்லிக்கொண்டு காணிக்கை கேட்பவரிடம் இந்த இரண்டு இடங்களையும் காட்டுங்கள்.

தானியேல் 2ஆம் அதிகாரத்தில் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார், தான் கண்ட கனவையே நீங்கள் சொல்லுங்கள், அப்போதுதான் உங்கள் விளக்கத்தை நம்புவேன் என்று ஞானிகளிடம் சொல்கிறான். கனவைச் சொல்லிவிட்டால் அதற்கு ஏற்றபடி எதையாவது சொல்லிச் சமாளிப்பார்கள் என்ற சந்தேகம் அவனுக்கு. அந்தச் சந்தேகம் நியாயமானது என்றே நினைக்கிறேன். யூதர்களின் சமய நூலான பாபிலோனிய தல்மூதில் பார் ஹெத்யா என்ற கனவு விளக்கக்காரரின் கதை வருகிறது. அபாயே, ராவா என்ற இரு அறிஞர்கள் ஒரே கனவை அவரிடம் சொல்கிறார்கள். காசு கொடுத்த அபாயேவுக்கு நல்ல பலன், கொடுக்காத ராவாவுக்குக் கெட்ட பலன். இது பல கனவுகளுக்குத் தொடர்கிறது. வேதாகமமும் கனவைக் கண்மூடி நம்பச் சொல்லவில்லை. அதிகத் தொல்லையால் கனவு வருகிறது என்கிறது பிரசங்கி புத்தகம். கனவு கண்டேன், கனவு கண்டேன் என்று ஜனங்களை ஏமாற்றும் தீர்க்கதரிசிகளை எரேமியா 23 கடுமையாகக் கண்டிக்கிறது.

இனி அம்மாவின் பல்லுக்கு வருகிறேன். 2018இல் இஸ்ரேலிய ஆய்வாளர்கள் இருவர் பல் விழும் கனவைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். இந்தக் கனவு மன உளைச்சலோடு சேர்ந்து வரவில்லை. காலையில் எழும்போது பல்லிலும் ஈறிலும் தாடையிலும் இருக்கும் இறுக்கத்தோடும் வலியோடும்தான் சேர்ந்து வந்தது. 65 வயதில் ஆடும் பல், ஈறு வீக்கம், தூக்கத்தில் பல்லைக் கடிப்பது எல்லாம் சகஜம். ஒருமுறை பல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். எழுந்ததும் தாடை வலிக்கிறதா என்று அதற்கு முன் நீங்களே கேட்டுப் பாருங்கள். பயத்தால் தூக்கம் கெடுவது நீடித்தால் உங்கள் குடும்ப டாக்டரிடமும் சொல்லுங்கள்.

அந்தப் புத்தகத்தை வீட்டிலிருந்து அப்புறப்படுத்திவிடுங்கள். கெட்ட கனவை நம்பிய பழங்காலத்தவர்கூட, கண்டவரைப் பயத்தோடு விட்டுவிடவில்லை. அந்த எகிப்தியச் சுருளிலேயே பரிகாரம் இருக்கிறது: அப்பமும் பச்சை மூலிகையும் பீரில் நனைத்து முகத்தைத் துடைத்துக்கொள்வது. மெசொபொத்தாமியாவில் களிமண் கட்டியிடம் கனவைச் சொல்லித் தண்ணீரில் எறிந்து கரைத்தார்கள். யூதர்களிடம் உள்ள வழக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். கனவு கண்டு கலங்கியவர் மூன்று பேரைக் கூட்டி வைத்து, நல்ல கனவு கண்டேன் என்பார். அவர்கள், நல்லதே, நல்லதாகவே இருக்கட்டும் என்பார்கள். நீங்கள் அந்தச் சடங்கைச் செய்ய வேண்டியதில்லை. அம்மாவுக்குப் பிரியமான இரண்டு மூன்று பேரை ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், சபைப் போதகர் வந்தாலும் சரி. அம்மா கனவை வாய்விட்டுச் சொல்லட்டும். யாரும் பலன் சொல்ல வேண்டாம். கூட உட்கார்ந்து ஜெபித்துவிட்டு, ராத்திரி அம்மா தூங்கும் நேரத்துக்கு நீங்களும் பக்கத்தில் படுத்துக்கொள்ளுங்கள்.