ஸ்பிரேயா, நெய்யா? ஒட்டாமல் எடுக்க எது சரி?

கேள்வி: நான்-ஸ்டிக் பாத்திரத்தில் எப்போதும் குக்கிங் ஸ்பிரே அடித்துத்தான் சமைக்கிறேன். ஓரமெல்லாம் மஞ்சள் பிசுக்கு ஏறி, தேய்த்தாலும் போகவில்லை. இப்போது ஒட்டவும் செய்கிறது. பூச்சு போய்விட்டதா?

பதில்: அவசரப்பட்டுத் தூக்கிப் போடாதீர்கள். பெரும்பாலும் பூச்சு அடியில் நன்றாகவே இருக்கும்; கோளாறு ஸ்பிரேயில். அந்த டப்பாவில் எண்ணெயோடு லெசித்தின் என்ற கொழுப்புப் பொருளும், எல்லாவற்றையும் வெளியே தள்ளும் வாயுவும் உண்டு. ஒட்டாமல் காப்பது முக்கியமாக லெசித்தின்தான், ஆனால் அது சூடு தாங்காது. உணவு படாத ஓரங்களில் விழும் துளிகள் ஒவ்வொரு தடவையும் காய்ந்து, வார்னிஷ் மாதிரி இறுகிவிடும்.

சமையல் சோடாவைத் தண்ணீர் விட்டுக் குழைத்துப் பூசி, 20 நிமிடம் கழித்து மெத்தென்ற ஸ்பாஞ்சால் தேயுங்கள். ஒரே தடவையில் போகாது. கம்பி நார் வேண்டவே வேண்டாம். இனி அரை டீஸ்பூன் எண்ணெயைப் பிரஷ்ஷால் தடவினால் போதும். ஸ்பிரேதான் வசதி என்றால், கையால் அழுத்தும் பாட்டிலில் வெறும் எண்ணெய் ஊற்றிக்கொள்ளுங்கள். துவாரம் அடைத்துக்கொள்ளும், அவ்வப்போது சோப்பு கலந்த வெந்நீரை அதன் வழியே அடிக்க வேண்டும். ஏர் ஃப்ரையர் கூடைக்கும் இதே கதைதான்.

கேள்வி: வெண்ணெய் தடவி மாவு தூவியும், மடிப்பு மடிப்பான அச்சில் கேக் பிய்ந்துதான் வருகிறது.

பதில்: வெண்ணெயில் ஏறக்குறைய 16 சதவீதம் தண்ணீர். அந்த ஈரத்தில் மாவு பசையாகிறது; வெண்ணெயில் உள்ள பால் திடப்பொருளும் சூட்டில் சிவந்து ஒட்டுகிறது. நெய்யிலும் வனஸ்பதியிலும் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் உருக்கித் தடவாதீர்கள், வழிந்து அடியில் தேங்கும். இளகிய பதத்தில் பிரஷ்ஷால் ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் ஏற்றுங்கள். மாவு தூவியபின் அச்சைக் கவிழ்த்துத் தட்டி மிச்சத்தை உதறிவிடுங்கள். சாக்லேட் கேக்குக்கு மாவுக்குப் பதில் கோகோ பவுடர் தூவினால் வெள்ளைத் திட்டு தெரியாது.

இதைவிட எளிது: மைதா, எண்ணெய், வனஸ்பதி மூன்றையும் கால் கப் வீதம் சேர்த்து, கட்டியில்லாமல் அடித்துக்கொள்ளுங்கள். தடவலும் தூவலும் ஒரே வேலையாக முடியும். மீதியை ஃப்ரிட்ஜில் வைக்கலாம்.

அச்சிலிருந்து எடுக்கும் நேரமும் முக்கியம். அடுப்பிலிருந்து இறக்கிய உடனே கவிழ்த்தால் கேக் உடையும். முழுக்க ஆறவிட்டால் ஓரத்துச் சர்க்கரை இறுகிப் பிடித்துக்கொள்ளும். 10 நிமிடம் கழித்துக் கவிழ்ப்பதே சரி.

கேள்வி: ஷிஃபான் கேக் (முட்டை வெள்ளையை நுரைக்க அடித்துச் செய்யும் மெத்தென்ற கேக்) பாதியில் அமுங்கிவிட்டது. அச்சில் தடவிய எண்ணெய் போதவில்லையா?

பதில்: தடவியதுதான் தப்பு. அந்த மாவு அச்சின் சுவரைப் பிடித்துத்தான் மேலேறும். தடவாமல் சுட்டு, அச்சோடு தலைகீழாக ஆறவைத்து, கத்தியால் ஓரத்தை விடுவியுங்கள்.

கேள்வி: எரியும் அடுப்பில் இருக்கும் பாத்திரத்தில் ஸ்பிரே அடிக்கலாமா?

பதில்: கூடாது. தள்ளும் வாயு பல டப்பாக்களில் பியூட்டேன், புரொப்பேன், சட்டென்று தீப்பற்றும். அடுப்பேற்றும் முன்பே, தொட்டிக்கு மேல் பிடித்து அடியுங்கள். தரையில் பட்டால் வழுக்கும். டப்பாவை அடுப்பு மேடையிலும் வைக்காதீர்கள்.