சோளப்பாகு ரத்தம்: சின்ன பட்ஜெட் ஜாம்பி படங்கள் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: உலக சினிமா எல்லாம் கரைச்சுக் குடிச்ச ஆள் நீங்க. நாலு நண்பர்கள் சேர்ந்து கொல்லைப்புறத்தில் எடுத்த ஜாம்பி படத்தைப் போய்ச் சிலாகிக்கிறீங்களே, அதில் அப்படி என்னதான் இருக்கு?

பதில்: வேலை கண்ணுக்குத் தெரிகிறது, அதுதான் இருக்கிறது. பெரிய படத்தில் ஒரு கை துண்டாகி விழுந்தால் "கிராபிக்ஸ்" என்று தாண்டிப் போய்விடுகிறோம். காசில்லாத படத்தில் அதே கை விழும்போது, யாரோ ஒருவர் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு அதை வார்த்து, சாயம் பூசி, ஒவ்வொரு முடியாக ஒட்டி, உள்ளே குழாய் செருகியிருக்கிறார் என்பது புரிகிறது. கேமராவுக்கு முன்னால் நிஜமாகவே ஒரு பொருள் கிழிந்தது, நிஜமாகவே ஒரு திரவம் சுவரில் அடித்தது. மேஜிக் ஷோவில் உட்கார்ந்திருக்கிற மாதிரிதான்: பொய் என்று தெரியும், எப்படிச் செய்தான் என்று மண்டை குடையும், கையும் தட்டுவோம்.

இன்னொன்று, அந்தப் படங்களில் "இதெல்லாம் வேண்டாம்" என்று சொல்ல மேலே ஆள் கிடையாது. கோடிகளைக் கொட்டியவர் கதாநாயகனைப் பாதிப் படத்தில் சாகடிக்க விடமாட்டார். சொந்தக் காசைப் போட்டு எடுப்பவருக்கு அந்தக் கவலை இல்லை. பீட்டர் ஜாக்சன் 'பேட் டேஸ்ட்' (1987) படத்தை நியூசிலாந்தில் நண்பர்களை வைத்து வார இறுதிகளில் சுமார் நாலு வருஷம் எடுத்தார். முகமூடிகளை அம்மாவின் சமையலறை ஓவனில் சுட்டு எடுத்தார். அதில் வருவது ஜாம்பிகள் இல்லை, வேற்றுக்கிரகவாசிகள்தான். ஆனால் ரத்தமும் கிறுக்குத்தனமும் அதே ரகம். பிற்பாடு அவர் எடுத்த 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' மாதிரி பிரமாண்டங்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது என்னவோ இதைத்தான்.

கேள்வி: ஹாரர் தெரியும். ஸ்ப்ளாட்டர்னு தனியா ஒண்ணு எதுக்கு?

பதில்: ஹாரர் பயத்தை மறைத்து வைத்து விளையாடும். ஸ்ப்ளாட்டர், அதாவது ரத்தத்தையும் சதையையும் அள்ளித் தெளிக்கிற வகை, எதையும் மறைக்காது. கதவுக்குப் பின்னால் நடப்பதைக் கதவைத் திறந்து காட்டும். ஹெர்ஷல் கோர்டன் லூயிஸ் 1963இல் எடுத்த 'பிளட் ஃபீஸ்ட்' படத்தைத்தான் இதற்குப் பிள்ளையார் சுழி என்பார்கள். 25 ஆயிரம் டாலருக்குள் முடித்த படம். நடிப்பு படுமோசம், ரத்தம் பெயின்ட் மாதிரி இருக்கும். வரலாற்றுக்காக ஒருமுறை பார்க்கலாம், அவ்வளவுதான்.

கேள்வி: பேய், ஓநாய் மனிதன், ரத்தக்காட்டேரி என்று எவ்வளவோ இருக்க, காசில்லாதவர்கள் எல்லோரும் ஏன் ஜாம்பியிடமே போகிறார்கள்?

பதில்: நல்ல கேள்வி. இதற்குப் பதில் பாதி செலவில் இருக்கிறது, பாதி சட்டத்தில் இருக்கிறது.

செலவு சுலபமாகப் புரியும். ரத்தக்காட்டேரிக்குக் கோட்டை வேண்டும், நன்றாக வசனம் பேசும் நடிகர் வேண்டும். ஜாம்பிக்குக் கிழிந்த சட்டை போதும். பேச வேண்டாம், நடிக்கத் தெரிய வேண்டாம், தள்ளாடத் தெரிந்தால் சரி. கூப்பிட்டால் வருகிற சொந்தக்காரர்கள் பத்துப் பேர் இருந்தால் படை தயார். அந்தப் பத்துப் பேரையே சட்டை மாற்றி மறுபடி அனுப்பினால் இருபது.

சட்டம்தான் சுவாரசியம். ஜார்ஜ் ரொமேரோ பிட்ஸ்பர்க்கில் நண்பர்களோடு சேர்ந்து 1 லட்சத்து 14 ஆயிரம் டாலர் அளவில் எடுத்த 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' 1968இல் வந்தது. முதலில் வேறு தலைப்பு. வெளியீட்டுக்கு முன் விநியோகஸ்தர் தலைப்பை மாற்றினார். மாற்றும்போது தலைப்போடு இருந்த காப்புரிமை அறிவிப்பு திரையில் வரும் புதிய தலைப்பு அட்டையில் விட்டுப்போனது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அறிவிப்பு இல்லையென்றால் உரிமையும் இல்லை. படம் பொதுச்சொத்தாகிவிட்டது. மெதுவாக நடக்கிற, மனித மாமிசம் தின்கிற, மூளையில் அடித்தால் மட்டும் விழுகிற பிணம் என்ற மொத்த விதிமுறையும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளக் கிடைத்தது. ரொமேரோவுக்கும் கூட்டாளிகளுக்கும் பெரிய நஷ்டம்; அவர்களுக்குப் பின்னால் வந்த ஏழை இயக்குநர்கள் எல்லோருக்கும் சீதனம். இத்தனை படங்கள் முளைத்ததில் அந்த விட்டுப்போன ஒற்றை வரிக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் கட்சி.

கேள்வி: அந்த ரத்தம் எதில் செய்கிறார்கள் சார்? கழுத்தைக் கடித்ததும் பீய்ச்சி அடிக்கிறதே, அது எப்படி?

பதில்: அடிப்படை கார்ன் சிரப், அதாவது சோளப்பாகு. அதில் சிவப்பு ஃபுட் கலர். சிவப்பு மட்டும் போட்டால் ஷர்பத் மாதிரி இருக்கும். அதனால் ஒரு துளி நீலம், கொஞ்சம் கோகோ. கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் ரொமேரோ முதல் படத்தில் சாக்லேட் சிரப்பையே ரத்தமாக ஊற்றினார். பத்து வருஷம் கழித்து 'டான் ஆஃப் தி டெட்' கலரில் வந்தபோது ரத்தம் மெழுகுக் கலர் பென்சிலை உருக்கிய மாதிரி பளிச்சென்று இருந்தது. மேக்கப் செய்த டாம் சவினிக்கே அது பிடிக்கவில்லை. காமிக்ஸ் மாதிரி இருக்கட்டும் என்று ரொமேரோ விட்டுவிட்டார். என் ஓட்டு ரொமேரோவுக்கு.

இப்போது கழுத்துக் கடி. ஜெலட்டின் அல்லது லேடெக்ஸில் (ரப்பர் பால்) செய்த ஒரு தோல் துண்டைக் கழுத்தில் ஒட்டி, ஓரம் தெரியாமல் தேய்த்து, உடம்பு நிறத்துக்கு மேக்கப் போடுவார்கள். அதற்கு அடியில் மெல்லிய பிளாஸ்டிக் குழாய். அது காதுக்குப் பின்னால் போய், சட்டைக்குள் முதுகு வழியாக இறங்கி, ஃபிரேமுக்கு வெளியே தரையில் படுத்திருக்கும் ஒருவர் கையில் இருக்கிற பெரிய சிரிஞ்சில் முடியும். ஜாம்பி கடித்து, தலையைப் பின்னால் இழுத்து, துண்டு கழன்று, அதற்கும் அரை நொடி கழித்துத்தான் சிரிஞ்சை அழுத்த வேண்டும். பல் படும்முன்பே ரத்தம் வந்தால் தியேட்டரே சிரிக்கும். ஜெலட்டின் என்றால் வாயில் போனாலும் பயமில்லை. லேடெக்ஸைக் கடிக்க வைக்காதீர்கள். படுத்திருக்கும் அந்த ஆள் பெரும்பாலும் படத்தின் தயாரிப்பாளர்தான்.

கேள்வி: 'ஈவில் டெட்' படத்தில் கேமரா காட்டுக்குள் தரையோடு பறக்குமே, கிரேன் இல்லாமல் எப்படி?

பதில்: பலகை. கேமராவை ஒரு நீளமான மரச்சட்டத்தில் பொருத்தி, ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். சட்டம் நீளமாக இருப்பதால் குலுக்கல் குறையும். படத்தின் இயக்குநர் சாம் ரெய்மி அதற்கு முன்பே, 1978இல், ஒரு குறும்படம் எடுத்து அதைக் காட்டித்தான் பணம் திரட்டினார். முழுப்படம் 4 லட்சம் டாலரைத் தொடவில்லை. அசல் ஸ்டெடிகேம் (கேமரா குலுங்காமல் பிடிக்கும் கருவி) வாங்க வசதியிருந்தால் அந்தக் காட்சி வழவழவென்று வந்திருக்கும், இவ்வளவு வெறி இருந்திருக்காது.

கேள்வி: இப்ப எல்லாம் கம்ப்யூட்டர் ரத்தம் வந்தாச்சே?

பதில்: அது எதிலும் ஒட்டாது. காற்றில் தெறிக்கும், அடுத்த ஷாட்டில் தரை சுத்தமாக இருக்கும். துப்பாக்கி வெடிக்கும் வெளிச்சத்துக்கு மட்டும் கம்ப்யூட்டரையே பயன்படுத்துங்கள். செட்டில் வெற்றுத் தோட்டாகூட ஆளைக் கொன்றிருக்கிறது.

கேள்வி: அண்ணே, இதையே பார்த்துக்கிட்டிருந்தா மனசு மரத்துப் போகாதா? வீட்டில் கேக்குறாங்க, பதில் சொல்ல முடியலை.

பதில்: வீட்டில் கேட்பதில் நியாயம் இருக்கிறது, தட்டிக்கழிக்காதீர்கள். ஒருவரைக் கட்டிப்போட்டு நிதானமாக வதைப்பதைக் காட்டும் படங்களும் ரத்தப் படங்கள்தான். எனக்கு அவை ஆகாது, பாதியில் எழுந்துவிடுவேன். ஸ்ப்ளாட்டரின் நல்ல படங்களில் ரத்தம் ஓர் எல்லையைத் தாண்டியதும் வலி போய்ச் சிரிப்பு வந்துவிடும். ஜாக்சனின் 'பிரெய்ன்டெட்' (1992) கடைசியில் கதாநாயகன் புல்வெட்டும் இயந்திரத்தைத் தூக்கிப் பிடித்தபடி ஜாம்பிக் கூட்டத்துக்குள் நடக்கிறான். தரை வழுக்கி, ஓட நினைத்த இடத்திலேயே கால் ஓடிக்கொண்டிருக்கும். ஊமைப்பட நகைச்சுவைதான் அது, சிவப்பில் முக்கி எடுத்தது. அதைப் பார்த்துவிட்டு யாரும் குரூரமாகி நான் கண்டதில்லை. ஆனால் வீட்டில் பிள்ளைகள் விழித்திருக்கும்போது போடாதீர்கள். பிடிக்காதவரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பார்க்கச் சொல்லவும் வேண்டாம்.

கேள்வி: இந்தப் படங்களைத் தடை செஞ்சாங்களாமே?

பதில்: பிரிட்டனில் நடந்தது. 80களின் தொடக்கத்தில் அங்கே வீடியோ கேசட்டுக்குத் தணிக்கை கிடையாது. பத்திரிகைகள் கூச்சல் போட, வழக்குத் தொடரத்தக்க படங்கள் என்று அரசு வழக்குத்துறை ஒரு பட்டியல் வைத்தது. மொத்தம் 72 படங்கள் அதில் வந்து போயின. 'ஈவில் டெட்'டும் இருந்தது. 1984இல் வீடியோவுக்கும் சான்றிதழ் கட்டாயமானது. பட்டியலால் நடந்த ஒரே நல்லது, யாரும் சீண்டாத பல குப்பைகளுக்கு இலவச விளம்பரம் கிடைத்ததுதான். பத்து வருஷம்கூட ஆகவில்லை, அதே பிரிட்டனில் 'பிரெய்ன்டெட்' ஒரு வெட்டும் இல்லாமல், 18 வயது நிரம்பியோருக்கு என்ற சான்றிதழோடு ஓடியது.

கேள்வி: 45 பவுண்டில் ஒரு முழு ஜாம்பி படம் எடுத்ததா படிச்சேன். கதை விடுறாங்களா?

பதில்: 'கோலின்' (2008), இயக்கம் மார்க் பிரைஸ். கேமரா ஏற்கெனவே கையில் இருந்தது, நடிகர்கள் சம்பளம் வாங்கவில்லை. ஒரு கடப்பாரை, சில டேப்புகள், டீ காப்பி என்றுதான் பணம் போனதாகச் சொன்னார். உழைப்பைக் கணக்கில் சேர்த்தால் அந்த எண் நிற்காது. ஆனால் படம் நிற்கிறது. ஜாம்பியின் பக்கமிருந்து கதை சொன்ன துணிச்சலுக்காகப் பாருங்கள். இருட்டுக் காட்சிகளில் பொறுமை வேண்டும்.

கேள்வி: உண்மையைச் சொல்லுங்க, பத்தில் ஒன்பது குப்பைதானே?

பதில்: ஆமாம்.

கேள்வி: நாங்க மூணு பேர் ஒரு குறும்படம் எடுக்கப்போறோம். என்ன கவனிக்கணும்?

பதில்: முதல் காசை மைக்குக்குப் போடுங்கள். மங்கலான படத்தை ரசிகன் மன்னிப்பான், கேட்காத வசனத்தை மன்னிக்கமாட்டான். சட்டை சுத்தமாக இருக்க வேண்டிய காட்சிகளை எல்லாம் முதலில் முடித்துவிட்டு, ரத்தத்தைக் கடைசி நாளுக்கு வையுங்கள். லேடெக்ஸ் சிலருக்கு அலர்ஜி. ஒரு நாள் முன்னதாகவே முழங்கையின் உள்பக்கம் தடவிப் பாருங்கள். பழைய மேக்கப் புத்தகங்களில் வரும் ஒரு புகழ்பெற்ற ரத்தக் கலவையில் ஃபிலிம் கழுவும் ரசாயனமான ஃபோட்டோ ஃப்ளோ சேரும். பார்க்கத் தத்ரூபமாக இருக்கும், ஆனால் விஷம், வாய்ப்பக்கம் கொண்டுபோகாதீர்கள். வெளியில் எடுப்பதானால் அக்கம்பக்கத்துக்கும் போலீசுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ரத்தக் கறையோடு ஓடிவருகிற ஆளைப் பார்த்தால் வழிப்போக்கருக்குக் கேமரா கண்ணில் படாது.

அதற்கு முன் ஜப்பானின் 'ஒன் கட் ஆஃப் தி டெட்' (2017) பாருங்கள். சுமார் 30 லட்சம் யென்னில் எடுத்தது. முதல் 37 நிமிடம் ஒரே ஷாட். இடையில் "என்னடா இது, இவ்வளவு மோசமா" என்று தோன்றும். நிறுத்தாதீர்கள். மேற்கொண்டு நான் எதுவும் சொல்லமாட்டேன்.

கேள்வி: போன வாரம் நாங்களும் ஒண்ணு எடுத்தோம். வாடகைக்கு வாங்கின சட்டை, சிவப்புச் சாயம் போகவே மாட்டேங்குது. வழி இருக்கா?

பதில்: கலக்கும்போதே கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவம் சேர்த்திருந்தால் சுலபமாகப் போயிருக்கும் (வாய்க்குள் போகிற ரத்தத்தில் மட்டும் சேர்க்கக் கூடாது). இப்போது குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்து, திரவ சோப்பு போட்டு மெதுவாகக் கசக்கிப் பாருங்கள். சுடுதண்ணீரும் இஸ்திரியும் வேண்டவே வேண்டாம், சாயம் நூலில் பிடித்துக்கொள்ளும். ஒரு வாரம் காய்ந்த வெள்ளைப் பருத்தி என்றால் சட்டைக்கு விலையைக் கொடுத்துவிட்டு, அடுத்த படத்து ஜாம்பிக்கு எடுத்துவையுங்கள்.