பொதுச்சுவரை ஒட்டிப் பள்ளம் தோண்டும் பக்கத்து மனைக்காரர்: எங்களுக்கு என்ன உரிமை?

கேள்வி: நகரின் பழைய பகுதியில், வீட்டோடு வீடு ஒட்டியிருக்கும் தெருவில், என் மாமனார் கட்டிய அறுபது ஆண்டுப் பழைய வீட்டில் வசிக்கிறோம். பக்கத்து வீட்டை வாங்கியவர் அதை இடித்துவிட்டு, வாகன நிறுத்தத் தளமும் மேலே மூன்று மாடிகளும் கட்டுவதற்காக, இரு வீட்டுக்கும் நடுவிலுள்ள சுவரை ஒட்டியே இயந்திரத்தால் பள்ளம் தோண்டுகிறார். எங்கள் கூடத்துச் சுவரில் விரிசல் விட்டிருக்கிறது. சுவர் முழுவதும் தமக்கே சொந்தம் என்று சொல்லும் அவர், 'ஆட்சேபணை இல்லை' என்று கடிதமும் கேட்கிறார். கட்டடம் எழும்பினால் பின்கட்டில் உள்ள எங்கள் ஜன்னல்கள் இரண்டும் மறைந்துவிடும். நாங்களும் இந்த ஆண்டு வீட்டைப் புதுப்பிப்பதாக இருந்தோம். என்ன செய்யலாம்? (வாசகி ஒருவர், தமிழ்நாடு)

பதில்: முதலாவதாக, அந்தக் கடிதத்தில் தயவுசெய்து கையெழுத்திடாதீர்கள். அக்கம்பக்கத்து நல்லுறவுக்காகக் கொடுக்கும் ஒரு வரிக் கடிதம்கூட, பின்னாளில் உங்கள் சம்மதத்துக்குச் சாட்சியாக நீதிமன்றத்தில் வந்து நிற்கும். பிறர் நிலத்தின்மீது ஒருவருக்குள்ள அனுபவ உரிமைகளைச் சொல்லும் 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டத்தின் 60ஆவது பிரிவின்படி, ஒருவர் கொடுத்த அனுமதியை நம்பி மற்றவர் செலவு செய்து நிரந்தரமான கட்டுமானத்தை எழுப்பிவிட்டால், அந்த அனுமதியைத் திரும்பப் பெற இயலாது. அவருக்கு உண்மையிலேயே உங்கள் ஒத்துழைப்பு தேவையென்றால், பள்ளத்துக்குத் தடுப்பு அமைப்பது, உங்கள் சுவருக்கு முட்டுக் கொடுப்பது, சேதத்தைத் தம் செலவில் சரிசெய்வது ஆகியவற்றை ஒப்புக்கொண்டு அவரும் கையெழுத்திடும் உடன்படிக்கையாக அது இருக்கட்டும்.

உங்கள் கேள்வியில் சுவர், ஜன்னல், கட்டட அனுமதி என்று மூன்று விஷயங்கள் கலந்திருக்கின்றன. இவற்றில் உங்கள் கை ஓங்கியிருப்பது சுவர் விஷயத்தில்தான். உங்கள் கிரயப் பத்திரத்தையும் தாய்ப்பத்திரத்தையும் எடுத்து, சொத்து விவரத்தில் நான்கெல்லை சொல்லும் இடத்தை நிதானமாகப் படியுங்கள். பழைய பத்திரங்களில் 'பொதுச்சுவர்' என்றோ 'பாதிச் சுவர் பாத்தியம் உட்பட' என்றோ எழுதியிருப்பது வழக்கம். அவருடைய பத்திரத்தின் சான்று நகலையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பெற்று ஒப்பிடுங்கள். பத்திரம் மௌனமாக இருந்தாலும் சுவரே சாட்சி சொல்லக்கூடும்: இடிக்கப்பட்ட வீட்டின் உத்திரங்கள் நுழைந்திருந்த குழிகள் அவர் பக்கத்திலும், உங்கள் கூரையின் உத்திர முனைகள் இந்தப் பக்கத்திலும் ஒரே சுவரில் இருக்குமானால், அது இரு வீட்டையும் தாங்கிய சுவர் என்பதற்கு அது வலுவான அடையாளம். அவர் அந்தக் குழிகளைப் பூசி மறைப்பதற்குள் தேதி தெரியும்படி படம் எடுத்துவிடுங்கள். பொதுச்சுவரை ஒரு பங்காளர் மற்றவர் சம்மதமின்றி இடிக்கவோ உயர்த்தவோ இயலாது என்பதே நீதிமன்றங்கள் ஏற்றுவந்த நிலை.

ஒருவேளை சுவர் முழுவதும் அவருடையதே என்று முடிவானாலும் நீங்கள் நிராதரவாகிவிட மாட்டீர்கள். அதே சட்டத்தின் 15ஆவது பிரிவின்படி, பக்கத்து நிலத்தின் அல்லது அதிலுள்ள கட்டுமானத்தின் தாங்குதலை உங்கள் வீடு இருபது ஆண்டுகள் தடையின்றி உரிமையாக அனுபவித்து வந்திருந்தால், அந்தத் தாங்குதல் சட்டப்படியான உரிமையாகிறது. தம் மண்ணைத் தாம் தோண்டுவதாக அவர் சொல்வது உண்மையே. ஆனால் உங்கள் அஸ்திவாரத்தின் கீழிருந்து மண் சரியும்படி தோண்ட அவருக்கு உரிமை கிடையாது.

ஜன்னல் விஷயத்தில் உங்களுக்கு வீண் நம்பிக்கை தர எனக்கு மனமில்லை. இருபது ஆண்டு அனுபவத்தால் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் உரிமை வரும் என்பது சரிதான். ஆனால் 33ஆவது பிரிவின்படி, வெளிச்சம் சற்றுக் குறைகிறது என்பது மட்டும் போதாது. வீட்டின் மதிப்போ உங்கள் உடல் வசதியோ கணிசமாகப் பாதிக்கப்படுவதை நீங்கள் காட்டியாக வேண்டும். அந்த அறைக்கு வேறு ஜன்னலோ முற்றமோ இருந்தால் வழக்கு மெலிந்துவிடும். இங்கே காலக்கெடுவும் முக்கியம்: தடை ஏற்பட்டது தெரிந்த பின்னும் ஓராண்டு அதற்கு இணங்கியிருந்தால், உங்கள் இருபது ஆண்டு அனுபவமே அறுபட்டதாகக் கருதப்படும். ஆகவே எதிர்ப்பை இப்போதே பதிவு அஞ்சலில் எழுத்தாக அனுப்பிவிடுங்கள்.

அனுமதியைப் பொறுத்தவரை, அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தின் நகலை 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு. பக்கவாட்டில் இடம் விடாமல் கட்டுவதே விதிமீறல் என்று பலர் எண்ணுகிறார்கள். பழைய தெருக்கள் தொடர் கட்டடப் பகுதியாக, அதாவது வீட்டோடு வீடு ஒட்டிக் கட்டும் பகுதியாக, அறிவிக்கப்பட்டிருந்தால், 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் பக்கச் சுவரை எல்லைவரை கட்ட அனுமதிக்கின்றன. அனுமதியின்றியோ வரைபடத்துக்கு மாறாகவோ வேலை நடந்தால், 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57ஆவது பிரிவுகளின் கீழ் அதிகாரிகள் வேலையை நிறுத்தவும் அகற்றச் சொல்லவும் முடியும். அவரிடம் முறையான அனுமதி இருந்தாலும் அது உங்கள் சுவருரிமையைப் பறித்துவிடாது. அந்த அனுமதி சொத்துரிமையைத் தீர்மானிக்கும் ஆவணமன்று.

இந்த மனுக்களின் பதிலுக்காகக் காத்திருந்து நீதிமன்றம் செல்வதைத் தள்ளிப்போடாதீர்கள் என்பதே என் அழுத்தமான ஆலோசனை. தூண்கள் எழும்பி, மேல்தளக் கான்கிரீட் போட்ட பிறகு வரும் மனுதாரரிடம், இத்தனை நாள் ஏன் பேசாதிருந்தீர்கள் என்றே நீதிபதி முதலில் கேட்பார். எழும்பிய கட்டடத்தை இடிக்கச் சொல்லும் செயலுறுத்துக் கட்டளை பெறுவதைவிட, பள்ளம் திறந்திருக்கும்போது இடைக்காலத் தடை பெறுவது எளிது. உரிமையியல் நீதிமன்றத்தில் நிரந்தரத் தடை கோரி வழக்குத் தாக்கல் செய்யும்போதே, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 39ஆவது கட்டளைப்படி இடைக்காலத் தடைக்கும், 26ஆவது கட்டளையின் 9ஆவது விதிப்படி வழக்கறிஞர் ஆணையர் நியமனத்துக்கும் மனுச் செய்யுங்கள். ஆணையர் பொறியாளருடன் வந்து பள்ளத்தின் ஆழத்தையும் விரிசலையும் அளந்து தரும் அறிக்கைதான் இத்தகைய வழக்குகளின் முதுகெலும்பு. பக்கத்து மனைக்காரர் முந்திக்கொண்டு, உங்கள் தரப்பைக் கேட்காமலேயே உங்கள்மீது தடை வாங்காதிருக்க, அதே நடைமுறைச் சட்டத்தின் 148-ஏ பிரிவின்படி ஒரு முன்னெச்சரிக்கை மனுவும் (கேவியட்) போட்டுவையுங்கள். அது 90 நாள் வரை செல்லும்.

அதுவரை விரிசலைப் பூசிவிடாதீர்கள். அதன் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதுங்கள்; குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைச் சாந்து வைத்துப் பதித்துவிட்டால், சுவர் அசையும்போது அது உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். அனுமதி பெற்ற கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரிடம் எழுத்தில் கருத்துப் பெறுங்கள். சுவர் விழும் நிலையில் இருப்பதாக அவர் சொன்னால், நீதிமன்ற உத்தரவுக்குக்கூடக் காத்திராமல் முட்டுக் கொடுத்துவிட்டு, அந்தக் கூடத்தில் குழந்தைகளும் பெரியவர்களும் படுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். செலவு ரசீதுகளை இழப்பீட்டுக்காகப் பத்திரப்படுத்துங்கள். நீங்கள் எண்ணியிருந்த புதுப்பித்தலில் தரை, சமையலறை போன்று அந்தச் சுவரோடு தொடர்பில்லாத வேலைகளைத் தொடரலாம். கூரையை மாற்றுவதும் மாடி எடுப்பதும் ஆணையரின் அறிக்கை பதிவாகும்வரை நிற்கட்டும். இல்லையேல் விரிசலுக்குக் காரணம் உங்கள் வேலையே என்று எதிர்த்தரப்பு சொல்ல இடமாகிவிடும்.